சேனக பிபிலேயின் மருந்துக் கொள்கையும் மலையகமும்: ஒரு மறுவாசிப்பு

கேள்வி

1971 மார்ச்சில் இலங்கை அரசிடம் மருந்துகள் பற்றிய ஓர் அறிக்கை கையளிக்கப்பட்டது. எழுதியவர்கள் இருவர், இருவருமே வைத்தியர்கள். எஸ். ஏ. விக்கிரமசிங்க தெற்கே மாத்தறைப் பக்கத்தில் நோயாளரைப் பார்த்துக்கொண்டே அரசியலுக்கு வந்தவர். 1931இல் மொறவக்கத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அறிக்கை எழுதிய வேளையில் அக்குரஸ்ஸ தொகுதியின் கம்யூனிஸ்ட் உறுப்பினராக இருந்தார். மற்றவர் பேராசிரியர் சேனக பிபிலே. கண்டியில் படித்தவர், மருந்தியல் அறிஞர், பேராதனை மருத்துவ பீடத்தின் முதல் பீடாதிபதி, லங்கா சமசமாஜக் கட்சிக்காரர். மாஸ்கோ சார்புக் கட்சியினரும் திரொஸ்கிய மரபினரும் பழைய அரசியல் எதிரிகள்; கூட்டரசாங்கம் அவர்களை ஒரே அணியில் வைத்திருந்தது. மருந்து விலை இந்த இருவரையும் ஒரே மேசையில் அமர்த்தியது.

அந்த அறிக்கையும் அதன் விளைவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனமும் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. சிங்களத்தில் பிபிலே தேசிய வீரர். ஆங்கிலத்தில் எழுதும் பொதுச்சுகாதார ஆய்வாளருக்கு அவர் மூன்றாம் உலகத்தின் முன்னோடி. தமிழில் அவரைப் பற்றி எழுதப்பட்டது சொற்பம். அதுவும் பெரும்பாலும் அஞ்சலி.

இக்கட்டுரை ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பேராதனை வளாகத்துக்கு மேலே நிமிர்ந்தால் ஹந்தானை மலை. அதன் சரிவுகளில் தேயிலை, தேயிலைக்குள் தொழிலாளர் குடும்பங்களின் லயங்கள். பீடத்தைத் தாண்டிப் போகும் கலஹா வீதி தெல்தோட்டைப் பக்கத்துக்கு இட்டுச் செல்கிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் முதன்முதலில் வர்த்தக நோக்கில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டமும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. பிபிலேயின் கொள்கை உலகெங்கும் பேசப்பட்ட அதே ஆண்டுகளில் இந்த மலைச்சரிவுகளில் இருந்த மக்களுக்கு அது என்ன செய்தது?

கண்டியிலிருந்து ஒருவர்

வாழ்க்கைக் குறிப்பு சுருக்கமாகப் போதும். 1920 பெப்ரவரி 13இல் ஊவாவில், தம் குடும்பப் பெயரைக் கொண்ட பிபிலே ஊரில் பிறந்தார். நிலவுடைமைக் குடும்பம். பள்ளிப் படிப்பு கண்டி திரித்துவக் கல்லூரியில். கொழும்பு மருத்துவக் கல்லூரியில் பதக்கங்களோடு தேறி, எடின்பரோவில் மருந்தியலில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1958இல் நாட்டின் முதல் மருந்தியல் பேராசிரியரானார். நாட்டின் இரண்டாவது மருத்துவப் பள்ளி 1962இல் பேராதனையில் தொடங்கியது. மாணவர்கள் அடிப்படைப் பாடங்களை வளாகத்திலும் நோயாளரைப் பார்த்துக் கற்பதைக் கண்டிப் பொது வைத்தியசாலையிலும் பயின்றார்கள். அது தனிப் பீடமானபோது, 1967இல், பிபிலே பீடாதிபதியானார். வைத்தியக் கல்வி எப்படிக் கற்பிக்கப்பட வேண்டும் என்பதையே ஆராயும் ஓர் அலகைப் பேராதனையில் உருவாக்கினார். பின்னாளில் ஆசியாவின் பிற நாட்டு ஆசிரியர்களும் பயிற்சிக்காக வந்து போன இடம் அது.

தலைநகரில் கைநிறையச் சம்பாதிக்கும் தனியார் வைத்தியம் அவருக்கு எட்டாத ஒன்றல்ல. அதை விட்டுக் கண்டியில் கற்பிக்க வந்ததைத் தியாகம் என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அதில் அத்தனை உடன்பாடில்லை. மருந்துகளைப் பற்றிக் கட்சி சாராமல், நிறுவனம் சாராமல் பேச ஒரு பல்கலைக்கழக நாற்காலியும், தலைநகரத்து வைத்தியச் சங்கங்களிலிருந்து சற்றுத் தூரமும் தேவைப்பட்டன. கண்டி அவருக்கு அந்தத் தூரத்தைத் தந்தது என்பதே சரியான மதிப்பீடு.

பட்டியலும் கேள்விப்பத்திரமும்

கொள்கையின் உள்ளடக்கத்தைப் புரிந்துகொள்ளச் சந்தையின் அமைப்பிலிருந்து தொடங்க வேண்டும். அன்றைய இலங்கையில் மருந்துக்கு இரண்டு உலகங்கள். அரச வைத்தியசாலைகளுக்கு வேண்டியதை அரசே மொத்தமாகக் கேள்விப்பத்திரம் கோரிப் பொதுப்பெயரில் வாங்கியது. 1950களின் இறுதியிலிருந்து பிபிலேயும் சக வைத்தியர்களும் உருவாக்கிய வைத்தியசாலை மருந்துக் கோவை, எந்த நோய்க்கு எந்த மருந்து போதும் என்று வரையறுத்திருந்தது. மறுபக்கம் தனியார் சந்தை. அங்கே ஒரே வேதிப்பொருள் பல வர்த்தகப் பெயர்களில், பல விலைகளில் விற்றது. முகவர்கள் வைத்தியரின் அறைக்கே வந்து மாதிரிப் பொட்டலம் கொடுத்துப் போனார்கள். பன்னாட்டு நிறுவனங்களின் உள்ளூர்க் கிளைகள் தம் தாய் நிறுவனத்திடமிருந்து மூலப்பொருளை உலகச் சந்தை விலையைவிடப் பன்மடங்கு உயர்த்திய விலைக்கு வாங்குவதாகக் கணக்கு எழுதின. அந்நியச் செலாவணி அந்த வழியில் வெளியேறியது.

விக்கிரமசிங்க–பிபிலே அறிக்கையின் திறமை அதன் எளிமையில் இருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல், அரச வைத்தியசாலையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த முறையைத் தனியார் சந்தைக்கும் நீட்டியது. நிபுணர் குழு மருந்துகளைத் தெரிவு செய்யும். அரசு நிறுவனம் ஒன்றே இறக்குமதி செய்யும். உலகெங்கும் விலை கேட்டு வாங்கும். வைத்தியர் பொதுப்பெயரில் எழுத வேண்டும். மருந்து பற்றிய பக்கச்சார்பற்ற தகவலை வைத்தியருக்குத் தரும் பொறுப்பு விற்பனை முகவரிடமிருந்து அறிஞர் குழுவுக்கு மாறும்.

அறிக்கை வந்த மறுமாதமே இளைஞர்களின் ஆயுதக் கிளர்ச்சியான ஏப்ரல் கிளர்ச்சி வெடித்தது. ஆயினும் திட்டம் கைவிடப்படவில்லை. அதே ஆண்டில் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது, பிபிலே அதன் தலைவரானார். 1972 முதல் இறக்குமதி படிப்படியாக அதன் கைக்கு வந்தது. தனியார் துறையில் புழங்கிய மருந்துகள் ஏறத்தாழ 2,100இலிருந்து 600 ஆகக் குறைக்கப்பட்டன. பிபிலேயும் பொருளியலாளர் சஞ்சய லாலும் சேர்ந்து 1977இல் வெளியிட்ட ஆய்வு இந்த அனுபவத்தை உலகுக்கு எடுத்துச் சொன்னது. ஒருவர் தாமே நடத்திய நிறுவனத்தைத் தாமே மதிப்பிட்ட ஆய்வு அது என்பதை வாசகர் நினைவில் வைப்பது நல்லது. இருந்தும் அதிலுள்ள விலை ஒப்பீடுகளை மறுக்கும் வலுவான எதிராய்வு எதுவும் என் பார்வைக்கு வரவில்லை.

எதிர்ப்பு மூன்று திசையிலிருந்து வந்தது. தனியார் வைத்தியர்கள், எழுதும் சுதந்திரம் பறிபோகிறது என்றார்கள். பொதுப்பெயரை எழுதி அருகே அடைப்புக்குறிக்குள் வர்த்தகப் பெயரையும் எழுதலாம் என்ற சமரசத்துக்கு அரசு இறங்கி வந்தது. 1973இல் அமெரிக்க மருந்து உற்பத்தியாளர் சங்கம் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவுக்கே நேரடியாகக் கடிதம் எழுதி எச்சரித்தது. உள்ளூரில் ஆலை வைத்திருந்த நிறுவனங்கள் மூன்றாவது திசை. 1974இல் வாந்திபேதி பரவியபோது, ஹெக்ஸ்ட் நிறுவனத்திடமிருந்து வாங்கிய டெட்ராசைக்ளின் மூலப்பொருளைக் கேப்சூல்களில் அடைத்துத் தருமாறு கூட்டுத்தாபனம் பைசர் நிறுவனத்தின் உள்ளூர் ஆலையைக் கேட்டது. ஆலை இணங்கவில்லை. ஆலையை அரசுடைமையாக்கும் பேச்சு எழுந்ததும் அமெரிக்கத் தூதுவர் பிரதமரைச் சந்தித்தார். அதோடு பேச்சு அடங்கியது. மருந்து வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்தது.

இச்சம்பவத்தைப் பன்னாட்டு நிறுவனங்களின் கொடுமைக்குச் சான்றாகக் காட்டுவதே வழக்கம். அது சரிதான். ஆனால் அமைச்சரவையின் உறுதி எவ்வளவு தூரம் நீளும் என்பதையும் அதே சம்பவம் காட்டிக்கொடுத்தது.

வீரரா, நிர்வாகியா?

1975இல் சமசமாஜக் கட்சி அரசிலிருந்து வெளியேற்றப்பட்டது. மறு ஆண்டு பிபிலே கூட்டுத்தாபனத்தை விட்டு ஐ.நா. வணிக, அபிவிருத்தி மாநாட்டமைப்பில் ஆலோசகரானார். 1976 ஓகஸ்டில் கொழும்பில் கூடிய அணிசேரா நாடுகளின் மாநாடு மருந்துத் துறைக் கூட்டுறவு பற்றித் தீர்மானம் நிறைவேற்றியது. 1977 ஜூலையில் ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்து சந்தையைத் திறந்துவிட்டது. அதே ஆண்டு செப்டெம்பர் 29இல் பிபிலே கயானாவில் இறந்தார். அதற்கடுத்த மாதம் உலக சுகாதார நிறுவனம் சுமார் 200 மருந்துகளைக் கொண்ட முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. 1982இல் வங்காளதேசம் தன் மருந்துக் கொள்கையை அறிவித்தது. அதன் பின்னணியிலும் சபருல்லா சௌதுரி என்ற ஒரு வைத்தியர் இருந்தார்.

கயானா மரணம் கொலை என்ற பேச்சு அன்று முதல் இன்று வரை ஓயவில்லை. அதை நிறுவும் சான்றை எவரும் பொதுவெளியில் வைத்ததில்லை. இந்தச் சந்தேகம் பிபிலேயின் நினைவுக்கு நன்மையைவிடத் தீமையே செய்திருக்கிறது என்பது என் கருத்து. ஆண்டுதோறும் நினைவுக் கூட்டங்களில் அவருடைய மரணம் விரிவாகப் பேசப்படுகிறது. அவருடைய குழுக் கூட்டங்களின் நடைமுறை பேசப்படுவதில்லை. உண்மையில் அவர் சாதித்தது கோப்புகளில் நிகழ்ந்த காரியம்: எந்த மருந்தைச் சேர்ப்பது, எதை நீக்குவது, யாரிடம் விலை கேட்பது, தரத்தை எங்கே சோதிப்பது. சலிப்பூட்டும் இந்த வேலையைச் செய்ய ஆளில்லாமல் போனபோதுதான் கொள்கை சரிந்தது.

எதிர்த்தரப்பின் வாதத்திலும் ஒரு பகுதி உண்மை உண்டு. கூட்டுத்தாபனத்தின் முதலாண்டுகளில் சில மருந்துகளுக்குக் கடைகளில் தட்டுப்பாடு ஏற்பட்டது. மலிவான மருந்தின் தரத்தைச் சோதிக்கும் ஆய்வுகூட வசதி, இறக்குமதியின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. பிபிலே இதை அறிந்திருந்தார். தரக்கட்டுப்பாடு இல்லாத பொதுப்பெயர் மருந்துக் கொள்கை அரைக்கொள்கை என்பதை மருந்தியலாளருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அரசியல் அவகாசம் நான்கைந்து ஆண்டுகள்தாம் கிடைத்தது. ஆய்வுகூடமும் பயிற்சி பெற்ற ஆட்களும் அதற்குள் விளைந்துவிடுவதில்லை.

லயத்திலிருந்து பார்த்தால்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்வி.

தோட்டத் தொழிலாளரின் சுகாதாரம் நாட்டின் பொதுச்சுகாதாரத்திலிருந்து தொடக்கத்திலேயே பிரித்து வைக்கப்பட்டது. 1872ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் சட்டமும் அதைத் தொடர்ந்து 1912இல் வந்த சட்டங்களும் தொழிலாளரின் வைத்தியத்தைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கின. அந்த ஏற்பாட்டில் பிறந்ததுதான் தோட்டத்து ‘டிஸ்பென்சரி’. அங்கே பட்டம் பெற்ற வைத்தியர் இல்லை. மருந்து கலக்கப் பயின்ற ஒருவர் இருப்பார், மக்கள் அவரை ‘டாக்டரய்யா’ என்பார்கள். ஆயிரக்கணக்கானோருக்கு அவரே வைத்தியர். பிள்ளை பெறுவதற்குத் தோட்டத்து மருத்துவிச்சி. வேலைக்குப் போகும் தாய்மாருக்குப் ‘பிள்ளைக்காம்பரா’. பெரிய நோய் என்றால் லொறியில் ஏற்றி நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தோட்ட முகாமையாளரான ‘தொரை’யின் அனுமதி வேண்டும்.

இங்கே பிபிலேயின் இரண்டு உலகங்களும் பொருந்தவில்லை. தோட்டம் அரச வைத்தியசாலைக்குள் வரவில்லை. வர்த்தகப் பெயர் மருந்தைக் காசு கொடுத்து வாங்கும் தனியார் சந்தையிலும் அதற்கு இடமில்லை. தொழிலாளி மருந்துச் சீட்டோடு கண்டி நகரத்துப் பாமசிக்குப் போகும் ஆளல்ல. ஆகவே விலை குறைந்ததன் நேரடிப் பயன் முதலில் நகரத்து மத்தியதர வர்க்கத்துக்கும் கிராமத்துச் சிறு வருமானக்காரருக்கும் போயிற்று. அறிக்கை தோட்டத்தைத் தனியே கருத்தில் எடுத்து அமைந்ததல்ல.

ஆனால் மருந்தை மட்டும் வைத்து இதை எடைபோடுவது போதாது. 1973–74இல் மலையகத்தில் நடந்தது பட்டினி. உலகச் சந்தையில் தானிய விலை ஏறியது, அரசு பங்கீட்டைக் குறைத்தது, மாவும் அரிசியும் அரிதாயின. கிராமத்தவருக்குக் கொஞ்சம் மரவள்ளியாவது நடக் காணி இருந்தது. லயத்துக்கு முன்னால் இருந்தது தொரையின் தேயிலை. 1974இல் தோட்டத்துறை இறப்பு வீதம் முந்திய ஆண்டுகளைவிடக் கடுமையாக உயர்ந்ததைப் பதிவாளர் நாயகத்தின் தரவுகளை ஆராய்ந்தோர் காட்டியிருக்கிறார்கள். தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் கண்டியிலும் ஹட்டனிலும் வீதியோரங்களில் கையேந்தி நின்றன. பிரிட்டனின் கிரனடா தொலைக்காட்சி அந்தக் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தொழிலாளரின் நிலையைப் படமாக்கி ஒளிபரப்பியது. பட்டினியால் வரும் வயிற்றோட்டத்துக்கு டெட்ராசைக்ளின் மலிவாகக் கிடைத்தாலும் என்ன பயன்?

இதில் ஒரு முரண் இருக்கிறது. அறிக்கையின் மூத்த ஆசிரியர் விக்கிரமசிங்கவுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1934–35 மலேரியாக் கொள்ளைநோய் கேகாலைப் பக்கத்தை, அதாவது கண்டியின் அயலை, நாசமாக்கியது. நாட்டில் சுமார் 80,000 பேர் மாண்டார்கள். காலனித்துவ எதிர்ப்பு இயக்கமான சூரியமல் இயக்கத்தின் இளைஞர்களோடு விக்கிரமசிங்கவும் மேரி ரட்ணமும் கிராமம் கிராமமாகச் சென்றார்கள். மேரி ரட்ணம் கனடாவிலிருந்து வந்து யாழ்ப்பாணத் தமிழரை மணந்தவர், 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற்பெண். குயினின் மட்டும் கொடுத்தால் மெலிந்த உடல் எழும்புவதில்லை என்பதை அந்தத் தொண்டர்கள் கண்டார்கள். குயினினோடு மார்மைட்டும் உணவும் கொடுத்தார்கள். அந்த அனுபவத்திலிருந்துதான் லங்கா சமசமாஜக் கட்சி கிராமங்களில் வேர்விட்டது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அதே தலைமுறை ஆட்சியில் இருந்தபோது, நிதியமைச்சராக என். எம். பெரேரா இருந்தபோது, அடுத்த மலையில் பட்டினி. அப்போது தொண்டர் படை ஏதும் ஹந்தானைக்கு ஏறவில்லை.

ஏன் என்பதற்கு விடை மருத்துவத்தில் இல்லை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் மலையகத்திலிருந்து ஏழு உறுப்பினரை அனுப்பியது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அதன் பின்வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் அந்த வாக்குகளைத் துடைத்தெறிந்தன. 1948இல் அதை எதிர்த்து வாக்களித்தது சமசமாஜக் கட்சி. அதைப் பெருமையோடு சொல்லலாம். ஆனால் 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது அதே கட்சி அரசில் பங்காளி. 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று மனிதரைப் பங்கிட்ட ஒப்பந்தம் அது. நாடற்ற மக்களின் பட்டினி எந்தத் தொகுதியின் வாக்கையும் மாற்றாது. 1977இல்தான் சௌமியமூர்த்தி தொண்டமான் மூலம் மலையகத் தமிழருக்கு மீண்டும் தெரிவான உறுப்பினர் கிடைத்தார்.

பிபிலேயைத் தனிமனிதராகக் குற்றஞ்சாட்ட இவ்விடத்தில் நியாயமில்லை. அவருக்குத் தரப்பட்ட பொறுப்பு மருந்து. தரப்பட்ட துறையில் அவர் செய்ததை வேறெவரும் செய்யவில்லை. குறை கொள்கையின் எல்லைக்கோட்டில் இருக்கிறது. அந்தக் கோட்டை வரைந்தது கூட்டரசாங்கம். கோடு தோட்டத்து வாசலோடு நின்றது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. அரசே உரிமையாளராகிவிட்ட பிறகு தோட்டத்து டிஸ்பென்சரியை நாட்டின் சுகாதார சேவையோடு இணைக்க அதைவிட நல்ல தருணம் வந்ததில்லை. அது நழுவவிடப்பட்டது. பின்னாளில் தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் திட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. வேலை இன்னும் முழுமையாக முடியவில்லை.

மீண்டும் பேராதனை

2005இல் அரசு ஒரு தேசிய மருந்துக் கொள்கையை ஏற்றது. அதைச் சட்டமாக்கப் பத்தாண்டு பிடித்தது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை உருவாக்கியது. அந்தச் சட்டத்தை வரவேற்றவர்கள் பிபிலேயின் கனவு நனவாயிற்று என்றார்கள். சற்று அவசரப்பட்டுவிட்டார்கள்.

2022 மார்ச் இறுதியில், அந்நியச் செலாவணி வற்றியபோது, பேராதனைப் போதனா வைத்தியசாலை அவசரமற்ற சத்திரசிகிச்சைகளை நிறுத்துவதாக அறிவித்தது. காரணம் மருந்துத் தட்டுப்பாடு. பிபிலே பீடாதிபதியாக இருந்த வளாகத்தின் வைத்தியசாலை அது. 2023 ஜூலையில் அதே வைத்தியசாலையில் ஊசி ஏற்றிய பின் ஓர் இளம்பெண் இறந்தது மருந்தின் தரம் பற்றிய பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. தரமற்ற இமியூனோகுளோபுலின் கொள்வனவு தொடர்பான விசாரணையில், சுகாதார அமைச்சராக இருந்தவரும் கண்டி மாவட்டப் பிரதிநிதியுமான கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதுசெய்யப்பட்டார். வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். கொள்வனவுக் குழுவில் யார் அமர்கிறார், அவசரக் கொள்வனவு என்ற பெயரில் எந்த விதி தளர்த்தப்படுகிறது என்ற கேள்விகளுக்கு நீதிமன்றத் தீர்ப்புவரை காத்திருக்க வேண்டியதில்லை. பிபிலே 1971இல் எழுப்பிய கேள்விகளே அவை.

ஆகவே பிபிலேயை இன்று வாசிப்பதில் இரண்டு கடமைகள் உண்டு. தேசிய வீரர் என்ற மாலையைக் கழற்றி, பட்டியல், கேள்விப்பத்திரம், ஆய்வுகூடம் என்ற அவருடைய வேலை முறையைக் கற்பது ஒன்று. அவருடைய கொள்கை நின்றுவிட்ட இடத்திலிருந்து தொடர்வது மற்றொன்று. கண்டி மாவட்டத்தில் தோட்ட மருந்தகங்கள் எத்தனை, அவற்றில் பதிவுபெற்ற வைத்தியர் எத்தனை பேர், எந்தெந்த அத்தியாவசிய மருந்து எத்தனை நாள் இருப்பில்லை என்ற விவரத்தைத் தொகுத்து ஆண்டுதோறும் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுவது பேராதனை மருத்துவ பீடத்துக்குக் கைக்கெட்டும் வேலை. பிபிலேயின் பெயரில் இன்னொரு நினைவுப் பேருரை ஏற்பாடு செய்வோர் அதற்குப் பதிலாக இந்த அறிக்கைக்கு அந்தப் பணத்தைச் செலவிடலாம்.